ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பல ஆங்கிலச் சொற்கள் – எதை எங்கே சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயார் படுக்கையை விட்டு எழுந்தவர், "ஏம்ப்பா, மயக்கமா வருதுப்பா" என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. பதறிப்போய் ஒரு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடமும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன்: "மை மதர் இஸ் அன்கான்ஷியஸ்."

ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவில் அடுக்கடுக்காகக் கேள்விகள். எத்தனை நிமிடம் நினைவு இல்லாமல் இருந்தார்? கீழே விழுந்தாரா? தலையில் அடிபட்டதா? நானும் 'அன்கான்ஷியஸ்' என்ற சொல்லை விடாமல், "ஐந்து நிமிடம் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். தலைக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள், ஒரு இரவு முழுவதும் கண்காணிப்பு. மறுநாள் காலை பணிக்கு வந்த செவிலியர் கோலார் தங்கவயல் தமிழ்ப்பெண். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாட்டி, நினைவு தப்பிப் போச்சா, இல்ல தலை சுத்துச்சா?" அம்மா சொன்னார்: "நினைவெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. தலைதான் கிர்ருன்னு சுத்துச்சு. இவன்தான் ஊரைக் கூட்டிட்டான்."

மருத்துவமனையின் மேல் குற்றமில்லை. வயதானவர் நினைவிழந்தார் என்று பெற்ற மகனே சொன்னால் அவர்கள் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். குற்றம் நான் தேர்ந்தெடுத்த சொல்லில் இருந்தது. தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். சாப்பிட்டபின் கண்ணைச் சொக்குவது கூட உண்ட மயக்கம். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு. தலை சுற்றல் 'கிடினெஸ்' அல்லது 'டிஸ்ஸினெஸ்'. சிறிது நேரம் நினைவு தப்பி விழுந்து, தானே தெளிவது 'ஃபெயின்ட்'. நினைவே இல்லாத நிலைதான் 'அன்கான்ஷியஸ்'. அகராதியைத் திறந்தால் மூன்றுக்கும் 'மயக்கம்' என்று இருக்கும். அதை நம்பித்தான் நானும் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறவன் நான். மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிற எனக்கே இந்த நிலைமை என்றால் என்று யோசித்தபோது எழுந்ததுதான் இக்கட்டுரை.

கேட்பது எத்தனை வகை?

தமிழர்கள் ஆங்கிலம் பேசும்போது இடறுகிற முதல் கல் 'கேள்' என்ற வினைச்சொல். சத்தம் காதில் விழுந்தாலும் கேட்கிறோம். பாட்டை உட்கார்ந்து ரசித்தாலும் கேட்கிறோம். வழி தெரியாமல் விசாரித்தாலும் கேட்கிறோம். அப்பாவிடம் பணம் வேண்டினாலும் கேட்கிறோம். பெரியவர்கள் சொன்னபடி நடந்தாலும் 'சொன்ன பேச்சைக் கேட்டான்' என்கிறோம்.

ஆங்கிலத்தில் தானாகக் காதில் விழுவது 'ஹியர்'. மனத்தைச் செலுத்திக் கேட்பது 'லிசன்'. அதன் பின்னால் 'டு' வரும். கேள்வி கேட்பதும் உதவி கேட்பதும் 'ஆஸ்க்'. சொல் பேச்சுக் கேட்பதும் 'லிசன் டு'தான். கட்டளைக்குப் பணிவது என்றால் 'ஒபே'.

வகுப்புக்கு வரும் ஒரு தாய் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தார். "என் பையன் சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்" என்பதை ஆசிரியையிடம், "மை சன் டஸ் நாட் ஹியர்" என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியை முகம் மாறி, "எப்போதிலிருந்து? காது மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று அக்கறையோடு விசாரித்தாராம். வகுப்பில் அந்த அம்மாவே இதைச் சொல்லிச் சிரித்தார். "சிரிப்பு இப்ப வருது சார். அன்னிக்கு அவமானமா இருந்துச்சு" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என் மனத்தில் தங்கிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கன்னடத்திலும் 'கேளு' என்ற ஒரே சொல் காதால் கேட்பதற்கும் வினவுவதற்கும் வருகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் இதே கல்லில் இடறும். தெலுங்கில் காதால் கேட்பது 'வினு', வினவுவது 'அடுகு'. மலையாளத்தில் 'கேள்க்குக', 'சோதிக்குக' என்று இரண்டு. அவர்களுக்கு இந்த இடத்தில் தடுமாற்றம் குறைவு. வேறு இடங்களில் இருக்கும். எந்த இடத்தில் தாய்மொழியில் ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் பல சொல்லும் இருக்கின்றனவோ, அந்த இடத்தில்தான் நாம் தவறு செய்கிறோம். எனவே பிழைகளை மனப்பாடம் செய்வதைவிட, அந்த இடங்களை அறிந்துவைத்திருப்பது நல்லது.

'பார்' என்பதும் இதே கதைதான். கண்ணில் படுவது 'சீ'. கண்ணைத் திருப்பி நோக்குவது 'லுக் அட்'. நடப்பதை, அசைவதை, தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. ஜன்னல் வழியே மழை தெரிந்தால் சீ. "இந்தப் படத்தைப் பாரு" என்றால் லுக். கிரிக்கெட் பார்த்தால் வாட்ச். தமிழிலும் காண், நோக்கு என்று வேறுபாடு இருந்தது, இருக்கிறது. திருக்குறளில் காமத்துப்பாலின் 'குறிப்பறிதல்' அதிகாரத்தைப் படித்தவர்கள் நோக்குக்கும் வெறும் காட்சிக்கும் உள்ள தூரத்தை அறிவார்கள். பேச்சுத் தமிழில் எல்லாவற்றையும் 'பாரு' விழுங்கிவிட்டது. கண்டதா, நோக்கியதா, கவனித்ததா என்று மனத்துக்குள் தமிழிலேயே ஒருமுறை கேட்டுக்கொண்டால் ஆங்கிலச் சொல் தானாக அகப்படும்.

தொல்காப்பியர் காட்டும் வழி

'பிரிங்', 'டேக்' இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு. அதுபோலத்தான் 'பாரோ', 'லெண்ட்'. "ப்ளீஸ் பாரோ மீ யுவர் பென்" என்று பிள்ளைகள் பேசுவதை நாள்தோறும் கேட்கலாம்.

இந்தச் சொற்களில் ஒளிந்திருப்பது திசை. பொருள் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பதுதான் கேள்வி. இந்தத் திசையை இலக்கணமாகவே வகுத்தவர் தொல்காப்பியர் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். சொல்லதிகாரத்தில் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு, வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று சொல்கிறார். அதாவது எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான், அவனிடம் சென்றான். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரு பக்கம், மூன்றாமவர் மறுபக்கம். தா, கொடு என்ற இந்த வேறுபாட்டை மலையாளம் இன்றும் காப்பாற்றி வருகிறது. நாம்தான் தளர்த்திவிட்டோம்.

ஆங்கிலத்தின் 'கம்', 'கோ'வும் 'பிரிங்', 'டேக்'கும் பெரும்பாலும் இதே கோட்டில்தான் நடக்கின்றன. தொலைபேசியில் நண்பரிடம், "நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்கிறோம். ஆங்கிலத்திலும் "ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்" என்பதுதான் சரி. "வரும்போது புத்தகத்தைக் கொண்டு வரேன்" என்றால் பிரிங். மூன்றாவது ஆளிடம் கொண்டு போனால் டேக். "குழந்தையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போ" என்று வீட்டில் சொன்னால் டேக். பள்ளியில் இருக்கும் ஆசிரியை, "குழந்தையை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றால் பிரிங். 'கொண்டு வா' என்றால் பிரிங், 'கொண்டு போ' என்றால் டேக். தமிழ் தெரிந்தவனுக்கு வேறு விதி தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. எச்சவியலில் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் பிரித்து, தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்பது ஈ, ஒத்தவர் கேட்பது தா, உயர்ந்தவர் கேட்பது கொடு என்று வகுக்கிறார். கருத்து ஒன்றுதான், ஆனால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. 'கிவ் மீ', 'குட் யூ கிவ் மீ', 'மே ஐ ஹாவ்' என்று ஆங்கிலத்தில் படிப்படியாகப் பணிவு கூடுவதைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த மூன்று சொற்களைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இனி பாரோவும் லெண்டும். என் பக்கம் வந்தால் பாரோ. என்னிடமிருந்து போனால் லெண்ட். கடன் வாங்கு, கடன் கொடு என்று நாம் 'கடன்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு வினையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் வினைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. வாடகை கொடுத்து எடுப்பது 'ரென்ட்' அல்லது 'ஹயர்'. அந்த இடத்திலேயே உட்கார்ந்து பயன்படுத்துவது 'யூஸ்'. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அங்கேயே உட்கார்ந்து மின்னஞ்சல் பார்த்தால் அது யூஸ். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் பாரோ. தமிழில் நமக்கு இதைவிட நுட்பமும் உண்டு. அதே பொருளைத் திருப்பித் தந்தால் இரவல்; அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பித் தந்தால் குறியெதிர்ப்பை என்ற அழகான பழஞ்சொல். பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்குச் சர்க்கரை வாங்குகிறோமே, அதுதான். ஆங்கிலத்தில் அதற்கும் பாரோ என்ற ஒரே சொல்தான்.

காலம் காட்டும் சொற்கள்

"ஐ ஆம் லிவிங் இன் பெங்களூர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று சொல்லாத தென்னிந்தியர் உண்டா? 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் எது என்பதற்குத் தமிழே விடை வைத்திருக்கிறது. '2005லிருந்து' என்று 'இருந்து' வந்தால் சின்ஸ். 'பத்து வருஷமா' என்று 'ஆ' என முடிந்தால் ஃபார். 'திங்கட்கிழமையிலிருந்து' சின்ஸ், 'மூணு நாளா' ஃபார். கூடவே வினையும் மாற வேண்டும்: "ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்." அது சற்றுப் பழகினால் வரும். 'பத்து வருஷமாக இருந்துகொண்டிருக்கிறேன்' என்று விரித்துச் சொல்லிப் பாருங்கள், பிடிபடும்.

'பை', 'டில்' விவகாரம் இதைவிட ஆபத்தானது. இதில் பணமும் வேலையும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. 'பத்தாம் தேதிக்குள்' என்றால் பை. 'பத்தாம் தேதி வரைக்கும்' என்றால் டில் அல்லது அன்டில். 'பத்து நாளைக்குள்' என்றால் விதின். "வாடகையைப் பத்தாம் தேதிக்குள் கட்டிவிடுகிறேன்" என்பதை "ஐ வில் பே டில் டென்த்" என்று எழுதினால், பத்தாம் தேதி வரை கட்டிக்கொண்டே இருப்பேன், பிறகு கட்டமாட்டேன் என்றாகிவிடும். வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர், வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துத் தருகிறேன் என்பதை "ஐ வில் வொர்க் ஆன் திஸ் டில் ஃப்ரைடே" என்று மேலதிகாரிக்கு எழுதிவிட்டார். வெள்ளியன்று அவர் வேலையை முடித்துக் கொடுத்ததை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வியாழக்கிழமையே வேறொருவரையும் அதில் போட்டிருந்தார்கள். 'உள்'ளா, 'வரை'யா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும்.

உடம்பு வலிக்கும்போது

மருத்துவரிடம் பேச வேண்டிய சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் வயதானவர்களுக்காக ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தான். நடுவில் நிற்கும் அந்த ஆள் தவறினால் நோய்க்குறியே மாறிவிடும்.

'கால் வலி' என்று பாட்டி சொன்னால், தொடையிலிருந்து கணுக்கால் வரை என்றால் 'லெக்'. கணுக்காலுக்குக் கீழே பாதம் என்றால் 'ஃபுட்'. 'கை வலி' என்றால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை 'ஆர்ம்'. மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்'. கைவிரல் 'ஃபிங்கர்'; கால்விரல் 'டோ'. நமக்கு எல்லாமே விரல், கால், கை. ஆகவே மொழிபெயர்ப்பதற்கு முன், "எந்த இடத்துல பாட்டி? தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது.

'வலி'யும் அப்படித்தான். பொதுவாக 'பெயின்'. தலை, பல், வயிறு, முதுகு போன்ற சில உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டு வருவது 'ஏக்': ஹெட்ஏக், டூத்ஏக், ஸ்டமக்ஏக். அடிபட்டு வலித்தால் 'ஹர்ட்' என்று வினையாகச் சொல்லலாம். நெஞ்சு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நெஞ்சுவலி 'செஸ்ட் பெயின்', நெஞ்செரிச்சல் 'ஹார்ட்பர்ன்'. இந்த ஹார்ட்பர்னில் ஹார்ட் இருந்தாலும் அது இதயநோயைக் குறிப்பதில்லை. எது என்று நிச்சயமில்லாவிட்டால் நோயின் பெயரை நாமே சொல்லாமல், அவர் என்ன உணர்கிறாரோ அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். அழுத்துகிறதா, எரிகிறதா, குத்துகிறதா என்று தமிழில் கேட்டு அதைச் சொன்னால் மீதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வாந்தி எடுத்தால் 'வாமிட்டிங்'. வருவதுபோல் குமட்டினால் 'நாஸியா'. அன்று நான் "ஷி ஃபீல்ஸ் கிடி, பட் ஷி இஸ் டாக்கிங்" என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கு அந்த இரவு மிச்சமாகியிருக்கும்.

மரபு என்று ஒன்று

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் காட்ட முடிந்தது. காரணமே சொல்ல முடியாத இடங்களும் உண்டு. ஹோம்வொர்க்குக்கு ஏன் 'டூ'? மிஸ்டேக்குக்கு ஏன் 'மேக்'? மனிதன் ஏன் 'டால்', மலை ஏன் 'ஹை'? மழை ஏன் 'ஹெவி', காபி ஏன் 'ஸ்ட்ராங்'?

வகுப்பில் இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: ஆட்டுக்குட்டி என்கிறோம், கோழிக்குட்டி என்று ஏன் சொல்வதில்லை? தென்னை ஓலை சரி. வேப்ப ஓலை ஏன் தவறு? குயில் கூவுகிறது, மயில் அகவுகிறது, யானை பிளிறுகிறது, நாய் குரைக்கிறது. மாற்றிச் சொன்னால் பொருள் புரியும். ஆனால் தமிழாக இராது. நாம் பள்ளியில் 'மரபுச் சொற்கள்' என்று படித்தது இதைத்தான். தொல்காப்பியத்தின் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லி, எது எந்த உயிருக்கு உரியது என்று வகுத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் பப்பி, கிட்டன், காஃப், லாம், சிக் என்று வருவதும் இதே மரபுதான்.

ஆக, ஆங்கிலச் சொல்லைத் தனியாகப் படிக்கக் கூடாது. துணையோடு படிக்க வேண்டும். 'மிஸ்டேக்' என்று எழுதாமல் 'மேக் எ மிஸ்டேக்' என்று நோட்டில் எழுதுங்கள். 'சே', 'டெல்' வித்தியாசமும் பெரும்பாலும் துணையைப் பொறுத்ததே. டெல்லுக்குப் பின்னால் ஆள் உடனே வருவார்: "டெல் மீ." சேக்குப் பின்னால் சொன்ன விஷயம் வரும், ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'டு' போட வேண்டும். "சே மீ" என்பது கிடையாது. ஆனால் பொய் சொல்வதும் உண்மை சொல்வதும் 'டெல்'தான். ஏன் என்றால், மரபு.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் சேர்ந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் அரசும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. குடிமக்கள் தங்கள் பழைய ஆங்கிலத்தையே பேசினர். அறிஞர்கள் லத்தீனில் எழுதினர். மூன்றும் ஒரே மொழிக்குள் படிந்தன. வினவுவதற்கு 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி, 'இன்டராகேட்' லத்தீன் வழி. முதலாவது வீட்டில், இரண்டாவது அலுவலகத்தில், மூன்றாவது காவல் நிலையத்தில்! தொழுவத்தில் நிற்கும்போது 'கௌ', தட்டுக்கு வந்தால் 'பீஃப்' என்பதும் அப்படி வந்ததே. நமக்கும் இது புதிதல்ல. சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதான். ஆனால் யார் வீட்டில், எந்தப் பந்தியில், எந்தக் கோயிலில் எதைச் சொல்வது என்று நாம் யோசிக்காமலே அறிவோம்.

எல்லாமே பிழையா?

"ஐ ஹாவ் எ டவுட் சார்" என்று நம் மாணவர்கள் கேட்பது இந்தியா முழுவதும் புரியும். அது நம் 'சந்தேகம்' ஆங்கில உடை உடுத்தி வந்தது. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ 'டவுட்' என்றால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற தொனி வரும். அங்கே 'க்வெஸ்சன்' என்பதே பொருத்தம். ஊரில் இல்லை என்பதற்கு நாம் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வெளிநாட்டில் விழிக்க வைக்கும். 'கஸின் பிரதர்' என்றால் ஆங்கிலேயர் சிரிப்பார். ஆனால் நாம் ஆக்கிய 'ப்ரிபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது. ஆகவே இவற்றைப் பிழை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். "இது நம்ம ஊர் வழக்கு, அங்கே போனா இப்படிச் சொல்லணும்" என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எப்படிப் பழகுவது?

முதலில் அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதி வீட்டில் இருக்க வேண்டியதுதான். பொருள் தெரிய அது உதவும். ஆனால் இரண்டு சொற்களில் எது என்று தேர்ந்தெடுக்க, கற்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட அகராதி வேண்டும். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது, அங்குள்ள மாணவர்கள் பொருள் தெரிந்தும் சொல்லைப் பயன்படுத்தத் தெரியாமல் திணறுவதைப் பார்த்து உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. நம் பிள்ளைகள் கையில் உள்ள 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' அகராதி அதன் வழிவந்ததே. அதில் பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே சாய்வெழுத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, செய்து பழகுவது. இதில் நம் பெங்களூருக்கு உலகப் புகழ் உண்டு என்பது இங்கே குடியிருக்கும் பலருக்குத் தெரியாது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் சோதனையை உலகெங்கும் 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்றே அழைக்கிறார்கள். இங்குள்ள மண்டல ஆங்கில நிறுவனமும் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலும் அதற்குத் துணை நின்றன. இலக்கண விதியை முன்னே வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஒரு புதிரை விடுவிக்கச் சொல்வார்கள். மாணவனின் மனம் பொருளில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. 1987இல் அவர் எழுதிய நூலை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பல நாடுகளில் படிக்கிறார்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ரயில் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மதியம் 2 மணிக்குள் சேலம் போய்ச் சேர எந்த வண்டி? எத்தனை மணி வரைக்கும் காத்திருக்கணும்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பையும் டில்லும் ஒரே மாலையில் பிடிபடும்.

பிள்ளைகளின் பக்கம்

இதுவரை தமிழ் நன்றாகத் தெரிந்து, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். நம் வீடுகளில் இப்போது இதற்கு நேர்மாறான கட்சியும் வளர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஹியரும் லிசனும் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. ஆனால் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாரும் அவர்களுக்கு 'ஆன்ட்டி'. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் 'அங்கிள்'. யார் வீட்டுக்குச் சீர் வர வேண்டும், யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சொற்களுக்குள்தான் இருக்கின்றன. சொல் போனால் உறவின் அடையாளமும் போகும்.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அப்படியே. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ'. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு'. இரண்டுக்கும் நடுவில் வளரும் நம் பிள்ளைகள் தாத்தாவிடமே, "தாத்தா, நாங்க நாளைக்கு சினிமா போறோம், கிளம்புங்க" என்கிறார்கள். கூட வரப்போகும் தாத்தாவை ஒரு சொல்லால் வெளியே நிறுத்திவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தாத்தாவுக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஆகவே என் யோசனை எளியது. மாலையில் பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து உட்காரட்டும். ஒரு நாள் ஒரு சொல். 'கேள்' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை என்று பேரன் சொல்லட்டும். 'ஆன்ட்டி' என்பதற்குத் தமிழில் எத்தனை என்று பாட்டி சொல்லட்டும். இருவருமே அன்று ஒன்று கற்றிருப்பார்கள்.

என் தாயார் அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் வண்டியிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார். "எங்க சொல்லு பாப்போம், தலைசுத்தலுக்கு என்னான்னு சொல்லுவ?" நான் சொல்வேன். "ம், அதையே சொல்லு. போன தடவை மாதிரி வேற எதையாவது சொல்லி என்னைப் படுக்க வெச்சுடாத" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் எடை வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.